தெருமுனை பாருக்குப் போகிறீர்களா? மாலையைக் கெடுக்கும் தவறுகள் இவை

பெரிய ஹோட்டல் பாரில் எல்லோருமே வெளியாட்கள். தெருமுனையில் இருக்கும் சின்ன பாரில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் வெளியாள். கதவைத் தள்ளியதும் பத்துத் தலைகள் திரும்பும். மூலை மேசையில் இருவர் காரசாரமாக வாதாடிக்கொண்டிருப்பார்கள். அந்த வாதம் போன வாரமே தொடங்கியதாக இருக்கும். அங்கே ஒரு சாயங்காலம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் நடுவில் போய்ச் சேர்கிறீர்கள். இதை மறந்துவிடுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. மீதிப் பாதிக்குக் காரணம் அவசரம்.

அவசரம் வீட்டிலேயே ஆரம்பித்துவிடும். "அங்கே போய் ஏதாவது கொறித்துக்கொள்ளலாம்" என்று வெறும் வயிற்றோடு கிளம்புபவர்கள் ஏராளம். மதுவில் பெரும்பகுதி சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் மது குடலுக்குள் மெதுவாக இறங்கும். காலியாக இருந்தால் நேராக ஓடிவிடும். சைடிஷ் தட்டு மேசைக்கு வருவதற்குள் முதல் கிளாஸ் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். அதன்பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் ஏற்கெனவே கலந்தது திரும்பி வராது. எனவே நல்ல சாப்பாடு முதலில், பார் அப்புறம்.

உள்ளே போனதும் அடுத்த சிக்கல் நாற்காலி. சின்ன பாரில் காலியாகத் தெரியும் நாற்காலி எல்லாம் காலி இல்லை. கவுன்ட்டர் ஓரத்தில், சுவரில் சாய்ந்துகொள்ள வசதியான அந்த இடம் பல வருடங்களாக ஒருவருடையது. பெயர்ப்பலகை இருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அதில் போய் உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பார்வையில் எந்தப் பானமும் ருசிக்காது. "இங்கே யாராவது வருகிறார்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இடம் கிடைக்கும், பேச்சுக்கு ஒரு ஆளும் கிடைப்பார்.

ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இத்தகைய இடங்களை 'மூன்றாவது இடம்' என்று அழைத்தார். வீடு முதல் இடம், வேலை இரண்டாவது. காபிக் கடை, முடிதிருத்தகம், பார் போன்றவை மூன்றாவது. அங்கே முக்கியமான வேலை பேச்சு. வெளியே யார் பெரியவர், யார் சின்னவர் என்ற கணக்கு உள்ளே செல்லாது. அடிக்கடி வருபவர்கள்தான் அந்த இடத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்றார் அவர். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. ஆகவே பதவியையும் சம்பளத்தையும் மேசையில் எடுத்து வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் குழாய் பழுது பார்ப்பவராக இருப்பார், அவருடைய கதை உங்கள் கதையைவிட நன்றாகவும் இருக்கும்.

சரி, ஆர்டருக்கு வருவோம். விரலைச் சொடுக்குவது, விசிலடிப்பது, பணத்தை விசிறி மாதிரி ஆட்டுவது, இந்த மூன்றையும் அடியோடு விட்டுவிடுங்கள். நல்ல பார்டெண்டர் நீங்கள் உள்ளே வந்தபோதே உங்களைப் பார்த்துவிட்டார். யாருக்குப் பிறகு யார் என்ற வரிசை அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கவுன்ட்டர் அருகே அவர் கண்ணில் படும்படி நின்று, கண் சந்திக்கும்போது தலையை அசைத்தால் போதும். முறை வந்ததும் உடனே சொல்லுங்கள். கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டவர், பார்டெண்டர் வந்து நின்றதும் நண்பர்களிடம் திரும்பி "டேய், உனக்கு என்னடா?" என்று மாநாட்டைத் தொடங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பின்னால் நிற்கும் ஆறு பேரின் முகத்தை அப்போது ஒருமுறை பார்க்க வேண்டும். கும்பலாகப் போனால் முதலில் மேசையிலேயே பேசி முடித்துவிட்டு ஒருவரை மட்டும் அனுப்புங்கள். கூட்டம் நெரியும் நேரத்தில் இலையை இடித்து, பழத்தைப் பிழிந்து, பத்து முறை குலுக்கித் தரவேண்டிய காக்டெயிலைக் கேட்காதீர்கள். அதைக் கூட்டம் சேரும் முன்பு கேட்டால் அவரும் ரசித்துச் செய்வார். பீரில் நுரை இருந்தால் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கும் போகாதீர்கள். வாசனையை மூக்குக்குக் கொண்டுவருவதில் அந்த நுரைக்கும் பங்கு உண்டு. நுரையே இல்லாமல் ஊற்றினால், கிளாஸில் வெளியேறியிருக்க வேண்டிய வாயு உங்கள் வயிற்றில் வெளியேறும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் தவறு: கிளாஸை எண்ணிவிட்டு மதுவை எண்ணாமல் விடுவது.

"நான் பீர் மட்டும்தான்" என்பவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். கணக்கைப் பாருங்கள். 5 சதவீத பீர் 355 மில்லி, 12 சதவீத ஒயின் 150 மில்லி, 40 சதவீத விஸ்கி 45 மில்லி. மூன்றிலும் ஏறத்தாழ 14 கிராம் சுத்தமான ஆல்கஹால்தான் இருக்கிறது. பாத்திரம் பெரிது சிறிது, உள்ளே இருப்பது ஒன்றே. அதிலும் பார் அளவுகள் இடத்துக்கு இடம் மாறும், சில பீர்கள் 8 சதவீதத்தைத் தாண்டும். குப்பியில் இருக்கும் எண்ணைப் படிக்காமல் எண்ணிக்கையில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கல்லீரல் இதை எரிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறினாலும் பொதுவாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான். ஆக, மேலே சொன்ன கிளாஸ் ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். நான்கு கிளாஸ் என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம். ராத்திரி குடித்தது காலையில் பல் தேய்க்கும்போதும் ரத்தத்தில் இருக்கலாம். கறுப்புக் காபி, தலையில் குளிர்ந்த தண்ணீர், வெளியே ஒரு நடை என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருப்பார்கள். எதுவுமே கல்லீரலை அவசரப்படுத்தாது. காபி கொடுத்தால், தூங்கி வழிந்த போதைக்காரர் விழித்திருக்கும் போதைக்காரர் ஆவார், அவ்வளவுதான். தான் தெளிந்துவிட்டதாக அவர் நம்புவதுதான் அதிலுள்ள ஆபத்து.

இதில் ரவுண்டு முறை ஒரு பெரிய பொறி. ஐந்து பேர், ஆளுக்கொரு ரவுண்டு வாங்கினால் ஒவ்வொருவருக்கும் ஐந்து கிளாஸ். அதுவும் கூட்டத்திலேயே வேகமாகக் குடிப்பவரின் வேகத்தில். உங்கள் முறைக்கு எல்லோருக்கும் வாங்குங்கள், உங்களுக்கு மட்டும் சோடா சொல்லுங்கள். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சோடாவை யாரும் எட்டிப் பார்த்து விசாரிக்க மாட்டார்கள். உடம்பு நீரைத் தக்கவைக்க உதவும் ஹார்மோனை மது அடக்குவதால்தான் கழிப்பறைக்கு அத்தனை நடை நடக்கிறோம். நடுநடுவே தண்ணீர் குடிப்பது அதற்கும் ஈடு, வேகத்துக்கும் தடை.

"முதலில் பீர், அப்புறம் ஒயின் என்றால் ஒன்றும் ஆகாது, மாற்றிக் குடித்தால்தான் தலைவலி" என்று சூத்திரம் சொல்பவர் ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார். 2019-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் 90 பேரிடம் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பீர் முதலா, ஒயின் முதலா என்பதால் மறுநாள் தலைவலியில் வித்தியாசம் எதுவும் வரவில்லை. எவ்வளவு போதை ஏறியதாக உணர்ந்தார்கள், வாந்தி எடுத்தார்களா என்பவைதான் மறுநாளின் நிலையைக் காட்டின. அந்தத் தலைவலிக்குக் கை நிறைய பாராசிட்டமால் விழுங்குவது இன்னொரு தவறு. அதிகம் குடித்த நிலையில் அந்த மாத்திரையின் அளவு மீறினால் கல்லீரலுக்கு இரட்டை அடி.

சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார். எத்தியென் லம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதினார்; இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. ஒரு மேசை குரலை உயர்த்தினால் பக்கத்து மேசை உயர்த்தும், அதைக் கேட்டு மூன்றாவது மேசை, கடைசியில் பாட்டைக் கூட்டுவார்கள். பத்து மணிக்கு எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள், ஒருவர் சொல்வதும் இன்னொருவருக்குக் கேட்காது. கேட்காததற்கெல்லாம் "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டி, எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமலே வீடு திரும்புபவர்கள் உண்டு. ஸ்பீக்கருக்கு அடியில் இடம் காலியாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான் மிஞ்சும். நான்கு பேருக்கு மேல் போகாமல், சுவர் ஓர மேசையாகப் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு பேச்சாக இருக்கும்.

குடிக்காத நண்பரை வம்புக்கு இழுப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு. "ஒரே ஒரு மடக்கு" என்று கெஞ்சுவதும் "ஏன் குடிக்க மாட்டேன்கிறாய்?" என்று குடைவதும் வேண்டாம். மாத்திரை சாப்பிடுபவராக இருக்கலாம், விட்டுவிட்டவராக இருக்கலாம், பிடிக்காதவராகவும் இருக்கலாம். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அவர் கையில் ஜூஸ் இருந்தாலும் அந்த மேசையில் அவருக்கு முழு உரிமை உண்டு. இரவு முடியும்போது யார் என்ன சொன்னார்கள் என்று நினைவு வைத்திருக்கப்போவதும் அவர்தான், கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொள்ளுங்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் பெண், துணை தேடி வந்தவர் என்று எண்ணிக்கொள்வதும் இதே வகைத் தவறு. பணியாளர் சிரித்துப் பேசினால் அது அவருடைய நல்ல பழக்கம், உங்களுக்கான அழைப்பு அல்ல.

ஃபோனை முதல் கிளாஸோடு பைக்குள் போட்டுவிடுங்கள். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு பழைய காதலிக்கும் மேலதிகாரிக்கும் அனுப்பும் செய்திகளால் இதுவரை யாருக்கும் நன்மை விளைந்ததாக நான் கேள்விப்படவில்லை. கிளாஸை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போக வேண்டாம். போனால் திரும்பி வந்து புதிதாக வாங்குங்கள்.

வீடு திரும்புவது எப்படி என்பதை முதல் மடக்குக்கு முன்னால் முடிவு செய்யுங்கள். குடித்த பிறகு முடிவெடுக்க உட்காருபவர் ஏற்கெனவே குடித்தவர். வண்டி ஓட்ட வேண்டியவர் 'கொஞ்சமாகக் குடித்தவர்' அல்ல, குடிக்கவே குடிக்காதவர். கூட வந்தவர் மயங்கிச் சரிந்தால் "தூங்கட்டும், சரியாகிவிடும்" என்று விட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் வாசலில் ஒரு தவறு காத்திருக்கிறது. பில் கட்டி வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று "சரி, கிளம்பலாம்" என்று நான்கு முறை சொல்லி, நான்கு முறையும் கிளம்பாமல், புதுக் கதை ஒன்றைத் தொடங்குவார்கள். உள்ளே கத்திக் கத்திப் பழகிய குரல் வெளியே வந்ததும் உடனே இறங்காது. மேல் மாடியில் குழந்தை தூங்குகிறது. அந்த வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் பாதிக்கப்படுவது நீங்கள் அல்ல, நாளைக்கும் கதவைத் திறக்க வேண்டிய அந்தச் சின்ன பார். கட்டிப்பிடிப்பது, கைகுலுக்குவது, மறந்துபோன அந்தக் கடைசி ஜோக் எல்லாவற்றையும் மேசையிலேயே முடித்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடங்கள்.