டெக்சாஸில் டிராவல் நர்ஸ் வேலை: தேடுவது முதல் கையெழுத்து வரை

டிராவல் நர்ஸ் என்றால், ஏஜென்சி மூலம் பெரும்பாலும் 13 வாரக் கான்ட்ராக்டில் ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர். முதன்முதலாக அப்படி ஒரு ஏஜென்சிக்குப் போன் செய்தபோது நான் கேட்டது ஒரே கேள்விதான்: "டெக்சாஸ்ல வேலை இருக்கா?" அன்று சாயங்காலமே நீளமாக ஒரு பட்டியல் வந்துவிட்டது. அதில் ஒரு வேலை எல் பாசோவில், இன்னொன்று ஹூஸ்டனில். இரண்டுக்கும் நடுவே சாலை வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போய், திரும்பி விழுப்புரம் பக்கம் வந்து சேர்கிற தூரம். எல் பாசோவில் கடிகாரமே ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

254 கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) உள்ள மாநிலம் இது. மாநிலத்தின் பெயரை வைத்துத் தேடினால் பட்டியல்தான் கிடைக்கும், வேலை கிடைக்காது. அதனால் புதிதாக வருகிறவர்கள் எந்த வரிசையில் போனால் நல்லது என்று எழுதுகிறேன். நர்ஸ்களுக்கு மட்டுமில்லை, ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், எக்ஸ்ரே டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட், லேப் ஆட்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. நீங்கள் தயாரா?

உங்கள் பிரிவில் குறைந்தது ஓராண்டு, நல்ல வேலைகளுக்கு இரண்டாண்டு அனுபவம் கேட்பார்கள். டிராவலருக்கு ஓரிரு நாள்தான் ஓரியன்டேஷன். மருந்து அறை எங்கே, கிராஷ் கார்ட் (அவசர மருந்து, கருவி வண்டி) எங்கே என்று காட்டிவிட்டு பேஷண்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். உங்கள் வேலையில் உங்களுக்குத் தடுமாற்றம் இருக்கக் கூடாது.

நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஸ்பான்சர் மூலம் இபி-3 (வேலை அடிப்படையிலான) கிரீன் கார்டில் வந்திருந்தால், அந்த ஸ்பான்சரோடு போட்ட ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். இரண்டு, மூன்று ஆண்டு வேலை செய்வதாக ஒத்துக்கொண்டிருப்பீர்கள். நடுவில் விட்டால் பணம் கட்டச் சொல்வார்கள். அது முடிந்த பிறகு டிராவலுக்கு வாருங்கள்.

2. லைசென்ஸ்

டெக்சாஸ், நர்ஸ் லைசென்ஸர் காம்பாக்ட்டில் (ஒரே லைசென்ஸைப் பல மாநிலங்கள் ஏற்கிற ஒப்பந்தம்) உள்ள மாநிலம். உங்கள் நிரந்தர வீடு வேறொரு காம்பாக்ட் மாநிலத்தில் இருந்து, கையில் மல்டிஸ்டேட் லைசென்ஸும் இருந்தால், டெக்சாஸுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். நர்ஸ் லைசென்ஸைச் சரிபார்க்கிற நர்சிஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு, "மல்டிஸ்டேட்" என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் காம்பாக்ட்டில் இல்லை. அங்கே வீடு உள்ளவர்கள் டெக்சாஸ் போர்டு ஆஃப் நர்சிங்கில் எண்டார்ஸ்மென்ட் முறையில் (வேறு மாநில லைசென்ஸைக் காட்டி) விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். டெக்சாஸ் நர்சிங் சட்டம் பற்றிய ஜூரிஸ்புரூடென்ஸ் தேர்வை ஆன்லைனில் எழுத வேண்டும். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வேலை போய்விடும். டெக்சாஸுக்கே நிரந்தரமாகக் குடிவந்துவிட்டால், 60 நாளுக்குள் இங்கே லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

மற்றவர்களுக்குக் கதவு வேறு. ரெஸ்பிரேட்டரி, எக்ஸ்ரே இரண்டும் டெக்சாஸ் மெடிக்கல் போர்டின் கீழ் வருகின்றன. பிசியோதெரபிஸ்ட்டுகளுக்குத் தனி காம்பாக்ட் உண்டு, டெக்சாஸும் அதில் இருக்கிறது. லேப் ஆட்களுக்கு இங்கே மாநில லைசென்ஸே கிடையாது. ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் ஏஎஸ்சிபி (லேப் வேலைக்கான அமெரிக்க அமைப்பு) சான்றிதழ் கேட்கும்.

3. ஊரைக் குறுக்குங்கள்

வரைபடத்தைத் திறந்து, உங்களால் 13 வாரம் இருக்க முடிகிற இரண்டு பகுதிகளை மட்டும் எடுங்கள்.

ஹூஸ்டனில் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் இருக்கிறது. உலகிலேயே பெரிய மருத்துவ வளாகம் என்று அதைச் சொல்வார்கள். டிரான்ஸ்பிளான்ட், இதய ஐசியூ என்று சிறப்புப் பிரிவு அனுபவம் உள்ளவர்களுக்கு அங்கே வழி உண்டு. போட்டியும் உண்டு. தெற்கே மக்கேலன், பிரவுன்ஸ்வில் பக்கம் போனால் பேஷண்டுகளில் பெரும்பாலானவர்கள் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். மேற்கே மிட்லாண்ட், ஒடெசா எண்ணெய் வயல் ஊர்கள். எண்ணெய் விலை ஏறினால் வீட்டு வாடகையும் கூடவே ஏறும். வடக்கே அமரில்லோவில் நல்ல பனி கொட்டும். டெக்சாஸ் என்றாலே வெயில் என்று நினைத்துக் கம்பளி இல்லாமல் போகாதீர்கள்.

25 படுக்கைக்குள் இருக்கிற சின்ன கிராமத்து ஆஸ்பத்திரிகளும் நிறைய உண்டு. சம்பளம் நல்லதாகத் தோன்றும். ஆனால் ராத்திரியில் டாக்டர் போனில்தான் இருப்பார். ஒரே நர்ஸ் எமர்ஜென்சியையும் வார்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் கான்ட்ராக்டுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

4. ஏஜென்சி

ஏயா, ஏஎம்என், கிராஸ் கன்ட்ரி, மெடிக்கல் சொல்யூஷன்ஸ் இவையெல்லாம் பெரிய ஏஜென்சிகள். பல ஏஜென்சிகளின் வேலைகளை ஒரே இடத்தில் பார்க்க விவியன் தளம் உதவும். ஆஸ்பத்திரி நேராக எல்லா ஏஜென்சிக்கும் வேலையைக் கொடுப்பதில்லை. நடுவில் ஒரு பெரிய நிறுவனம் உட்கார்ந்திருக்கும். சில வேலைகள் அதன் சொந்த ஏஜென்சிக்கே முதலில் போகும். அதனால் இரண்டு, மூன்று ரெக்ரூட்டர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் போனுக்குப் பதில் சொல்லியே நாள் போய்விடும்.

ஒன்றை எல்லா ரெக்ரூட்டரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்: "என்னைக் கேட்காமல் என் பெயரை எங்கேயும் அனுப்பக் கூடாது." ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்சி உங்களை அனுப்பினால் குழப்பமாகி, அந்த வேலையே கைவிட்டுப் போகலாம்.

ரெஸ்யூமே, ஸ்கில்ஸ் செக்லிஸ்ட், இரண்டு ரெஃபரன்ஸ், பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (உயிர்காக்கும் சிகிச்சைப் பயிற்சி) அட்டைகள், தடுப்பூசி விவரம், டிபி பரிசோதனை. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். நல்ல வேலை காலையில் வந்தால் சாயங்காலம் இருக்காது.

5. சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். "வாரம் 2,000 டாலர்" என்று விளம்பரம். 36 மணி நேரம், அதாவது 12 மணி நேர ஷிப்ட் மூன்று. பிரித்துக் கேட்டால் மணிக்கு 24 டாலர் சம்பளம், அது 864. மீதி 1,136 டாலர் வீட்டுப் படி, சாப்பாட்டுப் படி.

இப்போது ஆஸ்பத்திரியில் பேஷண்ட் குறைவு என்று ஒரு ஷிப்ட்டை ரத்து செய்கிறார்கள். கான்ட்ராக்டில் உத்தரவாத நேரம் இல்லையென்றால் சம்பளத்தில் 288 டாலர் போகும். படியையும் மணிக்கணக்கில் குறைக்கிற ஏஜென்சி என்றால் இன்னும் 379 போகும். அந்த வாரம் கையில் 1,333. வாடகை மட்டும் குறையாது.

கூடுதல் ஷிப்ட்டுக்கும் இதே கதைதான். எல்லாம் சேர்த்து மணிக்கு 55 டாலர் வருகிறதே என்று நினைத்து ஓவர்டைம் எடுப்பீர்கள். 24-க்கு ஒன்றரை மடங்கு போட்டால் 36 தான். ஓவர்டைம் விகிதத்தை முன்னாடியே எழுதி வாங்குங்கள்.

அந்தப் படிக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் கிடைக்கிற சலுகை இல்லை. உங்களுக்கு என்று ஒரு நிரந்தர வீடு வேறு ஊரில் இருந்து, அதற்கும் நிஜமாகச் செலவு செய்துகொண்டே இங்கேயும் வாடகை கொடுத்தால்தான் அது பொருந்தும். "50 மைல் தாண்டினால் போதும்" என்று ரெக்ரூட்டர் சொன்னால் நம்பாதீர்கள். வரித்துறையில் அப்படி விதி இல்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, ஆனால் உங்கள் சொந்த மாநிலத்தில் வரி இருந்தால் அது இந்தச் சம்பளத்துக்கும் கேட்கும். டிராவலர்களுக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

6. மேனேஜருடன் போன்

பெரும்பாலும் கால் மணி நேரம்தான் பேசுவார்கள். உங்களை அவர்கள் பார்ப்பது போல, நீங்களும் அவர்களைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் ஒரு நர்ஸுக்கு இத்தனை பேஷண்ட் என்று 2004 முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. மெட்-சர்ஜில், அதாவது பொது மருத்துவ-அறுவை சிகிச்சை வார்டில், இப்போது அதிகபட்சம் ஐந்து பேர். டெக்சாஸில் அப்படி எண் எதுவும் சட்டத்தில் இல்லை. நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில் இருக்கிறது விஷயம். "உங்கள் ரேஷியோ என்ன?" என்று கேட்டபோதெல்லாம் எனக்குக் கிடைத்தது "நான்கு, சில சமயம் ஐந்து" என்ற பதில்தான். ஒரு தடவை மாற்றிக் கேட்டேன்: "நேற்று ராத்திரி உங்கள் வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அந்த அம்மா சொன்னார்: "ஆறு. சார்ஜ் நர்ஸும் பேஷண்ட் எடுத்தாங்க." சார்ஜ் நர்ஸ் என்றால் அந்த ஷிப்ட்டை மேற்பார்வை பார்க்கிறவர். உண்மையைச் சொன்னதற்காக அவரை மதித்தேன். அந்த வேலையை எடுக்கவில்லை.

எந்தெந்த வார்டுக்கு ஃப்ளோட் செய்வார்கள் (மாற்றி அனுப்புவார்கள்), பேஷண்ட் விவரம் பதிகிற சாஃப்ட்வேர் எபிக்கா சர்னரா, இதற்கு முன் இருந்த டிராவலர்கள் நீட்டித்தார்களா என்பதையும் கேளுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை வளைகுடாக் கரையில் வேலை என்றால் இன்னொரு கேள்வி: புயல் வந்தால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தங்குகிற ரைட்-அவுட் டீமில் டிராவலரையும் போடுவார்களா?

டெக்சாஸில் வேலை செய்யும் ஒவ்வொரு நர்ஸும் தெரிந்துகொள்ள வேண்டியது சேஃப் ஹார்பர். பேஷண்டுக்கு ஆபத்து என்று நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஒரு ஷிப்ட்டில் பொறுப்பைச் சுமத்தினால், அதை ஏற்கும்போதே அந்தப் படிவத்தைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்தால் உங்கள் லைசென்ஸுக்கும் வேலைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஷிப்ட் முடிந்த பிறகு கேட்டால் பயனில்லை.

7. கையெழுத்துக்கு முன்

ஒரு கான்ட்ராக்டில் எனக்கு "டே ஷிப்ட்தான்" என்று போனில் சொன்னார்கள். காகிதத்தில் "மாறும் ஷிப்ட்" என்று இருந்தது, நான் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ராத்திரி டூட்டி. கேட்டபோது கையெழுத்தைக் காட்டினார்கள். அன்றிலிருந்து ஷிப்ட், வார்டின் பெயர், உத்தரவாத நேரம், ஃப்ளோட், ரத்து விதி, ஏற்கெனவே கேட்ட லீவு நாட்கள் என்று ஒவ்வொன்றையும் விரலை வைத்துப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

8. வீடு

ஃபர்னிஷ்டு ஃபைண்டர் தளத்தில் மாத வாடகைக்கு வீடு பார்க்கலாம். நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். முதல் வாரம் ஹோட்டலில் தங்கிவிட்டுத் தேடுவது செலவுதான், ஆனால் நிம்மதி. ஹூஸ்டன் மெடிக்கல் சென்டரில் வேலை என்றால் தெற்கே பியர்லாந்து பக்கம் பாருங்கள். 288 நெடுஞ்சாலை அங்கிருந்து நேராக வருகிறது, மீனாட்சி அம்மன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. வீட்டை விட்டுத் தனியாக வந்து தங்குகிறவர்களுக்கு, லீவு நாளில் காதில் நாலு தமிழ் வார்த்தை விழுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும்.

எட்டாவது வாரம் வந்ததும் நீட்டிப்பு பற்றி நீங்களே மேனேஜரிடம் பேச்சை எடுங்கள். பிடித்திருந்தால் அங்கேயே இன்னொரு 13 வாரம். ஆனால் மொத்த மாதங்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒரே ஊரில் ஓராண்டைத் தாண்டும் என்று தெரிந்த நாளிலிருந்தே வீட்டு, சாப்பாட்டுப் படிக்கும் வரி வந்துவிடும். அதற்கு முன்பே அடுத்த ஊரைத் தேடத் தொடங்குங்கள்.