மெட்ரிக்கில் 'பாஸ்' மட்டும் போதாது

ஜனவரியில் முடிவு வந்ததும் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் முதலில் கேட்பது, "பாஸா?" கேட்கவேண்டியது எந்த பாஸ் என்று. தென்னாப்பிரிக்காவில் 2008 முதல் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகள் எழுதும் தேசிய சீனியர் சான்றிதழில் ஹையர் சர்டிஃபிகேட், டிப்ளமா, பேச்சிலர் என மூன்று நிலைகள் உண்டு. பட்டப்படிப்புக்குப் பேச்சிலர் வேண்டும். அதைத் தவறவிடவைக்கும் தவறுகள் இவை.

லைஃப் ஓரியன்டேஷனை நம்புவது

ஆண்டுதோறும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பேச்சிலருக்கு வீட்டுமொழியில் 40, நான்கு பாடங்களில் 50, மற்ற இரண்டில் 30 விழுக்காடு வேண்டும். அந்த நான்கில் லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் சேராது. மற்ற பாடங்களுக்கு 20 கிரெடிட், அதற்கு 10தான். இரண்டாம் கூடுதல் மொழியாக எடுத்த தமிழ் தாராளமாகச் சேரும்.

ஒரு மாணவியின் மதிப்பெண்கள் இப்படி என்று வையுங்கள்: ஆங்கிலம் 62, மேத்ஸ் லிட்டரசி (மேத்ஸுக்குப் பதில் எடுக்கும் அன்றாடக் கணக்குப் பாடம்) 58, ஆஃப்ரிகான்ஸ் 55, வரலாறு 48, சுற்றுலா 47, உயிரியல் 44, லைஃப் ஓரியன்டேஷன் 81. 'நாலு பாடத்தில் ஐம்பதுக்கு மேல்' என்று வீடே நிம்மதியாக இருக்கும். உண்மையில் மூன்றுதான், கிடைப்பது டிப்ளமா. வரலாற்றில் 2 விழுக்காடு குறைவு. இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடு, பள்ளி மதிப்பீட்டுக்கு 25. ஆகவே அந்த 2ஐ எட்ட, இரண்டு தாளும் சேர்த்து 300க்கு வெறும் 8 மதிப்பெண் போதும். எட்டே எட்டு! இதைச் செப்டம்பரிலேயே யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் அந்தப் பெண் வரலாற்றில் இன்னொரு கட்டுரையைத் தயார் செய்திருப்பாள்.

இறுதித் தேர்வுக்கு முந்தைய ட்ரையல் தேர்வு மதிப்பெண் வந்த அன்றே ஏழு பாடங்களையும் எழுதுங்கள். லைஃப் ஓரியன்டேஷனை அடியுங்கள். 50 அல்லது அதற்கு மேல் எத்தனை என்று எண்ணுங்கள். நான்குக்குக் குறைந்தால், 45 முதல் 49 வரை உள்ள பாடத்துக்கு மீதி வாரங்களைக் கொடுங்கள். 62ஐ 70 ஆக்குவது பிறகு.

பள்ளி மதிப்பெண் காப்பாற்றும் என்பது

தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பள்ளி மதிப்பீட்டையும் சரிசெய்வார்கள். பள்ளி ஊதிப் பெருக்கிய மதிப்பெண் இறங்கும்.

மேத்ஸை விட்டு மேத்ஸ் லிட்டரசிக்கு மாறுவது

பேச்சிலர் கிடைக்கும், பொறியியலோ மருத்துவமோ கிடைக்காது. லிட்டரசியில் 90 வாங்கினாலும் அதே கதை. மேத்ஸை விட்டவர் பன்னிரண்டில் திரும்பி வருவது மிகக் கடினம். மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், பிள்ளை விரும்பும் படிப்பின் சேர்க்கைத் தகுதியைப் படியுங்கள்.

வரலாற்றுத் தாளில் நான்காவது கேள்வி

ஒரு தாளில் விடை எழுத வேண்டியது மூன்று கேள்விக்குத்தான், அதில் ஒரு கட்டுரையும் ஒரு ஆதாரக் கேள்வியும் (கொடுத்த சான்றுகளை வைத்து எழுதுவது) கட்டாயம்.

முடிவுக்குப் பிறகு காத்திருப்பது

ரீசெக் கூட்டலைச் சரிபார்க்கும்; ரீமார்க்கில் தாளையே மறுபடி திருத்துவார்கள். 48 வாங்கியவருக்கு ரீமார்க்தான் பொருத்தம். அதன் பதில் வரட்டும் என்று உட்கார்ந்துவிடாமல், மே-ஜூன் மறுவாய்ப்புத் தேர்வுக்கும் அந்த ஒரு பாடத்தை உடனே பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கடைசி நாள் உண்டு.