இறக்கம் முடிந்ததும் நீலப் புகை
பழைய பெட்ரோல் கார். ஒயில் குறைந்துகொண்டே போனது, சைலன்சரில் நீலப் புகை. "பிஸ்டன் ரிங் போயிட்டுது, எஞ்சினை இறக்க வேணும்" என்றார் பாஸ். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தோம், நான்கு சிலிண்டரும் சரியாக இருந்தன. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றிப் பார்த்தும் கம்ப்ரஷன் ஏறவில்லை. அப்போ பழுது ரிங்கில் இல்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் வழிக்கு) விடும் பிசிவி வால்வை மாற்றியும் பயனில்லை.

புகை எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருந்தது. நுவரெலியாவுக்கு ஏறும்போது ஒன்றுமில்லை. றம்பொடை இறக்கத்தில் கியரில் பிடித்து நெடுநேரம் இறங்கி, கீழே ஆக்சிலேட்டரை மிதித்ததும் குபீரென்று வரும். ஆக்சிலேட்டரை விட்டு, காற்று வழியை அடைக்கும் த்ரொட்டில் மூடியிருக்கையில் இன்டேக்கில் வெற்றிடம் கூடி, தேய்ந்த வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஒயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) வழியாக ஒயிலை உறிஞ்சுகிறது.

ஸ்பார்க் பிளக் துளையில் காற்றழுத்தம் கொடுத்து வால்வுகள் உள்ளே விழாமல் தாங்கி, ஹெட்டைக் கழற்றாமலே சீல்களை மாற்றினோம். புகை நின்றது, அப்பாடா! வால்வுத் தண்டு ஓடும் குழாயான வால்வு கைடில் ஆட்டம் இருந்தால் புதுச் சீலும் நிற்காது. அதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.