வன்னியிலிருந்து டிரெஸ்ஸாஜ்: குதிரை வாங்க முதல் செய்ய வேண்டியவை

டிரெஸ்ஸாஜ் என்கிற குதிரைச் சவாரி விளையாட்டைப் பழகி வெளிநாட்டுப் போட்டிகளில் ஓட வேணும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று: குதிரை வாங்கும் கதையை இப்போதைக்கு விடுங்கள். கனடா மாமா காசு அனுப்பினாலும் வேண்டாம். மூன்று, நாலு வயதுக் குதிரையைக் கிராண்ட் பிரீ என்கிற உச்ச நிலைக்குக் கொண்டுவர, கை தேர்ந்தவருக்கே ஆறேழு வருடம் போகும். நெடுந்தீவுக் குதிரைகளில் ஏறிப் பழகலாமா என்றும் கேட்பார்கள்; அதுகள் பாட்டுக்கு மேயட்டும்.

விளையாட்டு இதுதான். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமான களம், அதன் கரையில் எழுத்துகள். குறித்த எழுத்தடியில் குதிரை நடை மாற வேண்டும், வட்டமடிக்க வேண்டும், நின்ற இடத்திலேயே துள்ளுநடை போட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை புள்ளி போடுவார்கள். பார்ப்பவருக்கு நீங்கள் சும்மா இருப்பது போலத் தெரிய வேண்டும், ஆனால் இடுப்பாலும் காலாலும் குதிரைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள்.

அதனால் ஆசனம், அதாவது குதிரையில் இருக்கிற முறைதான் அத்திவாரம். கொழும்புப் பக்கம் சவாரி பழக்கும் இடங்களில் சேர்ந்தால், பாய்ச்சலுக்கு அவசரப்படாமல், நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட்டு, கடிவாளமும் அங்கவடியும் பிடிக்காமல் உங்களை இருத்தச் சொல்லிக் கேளுங்கள். அலுப்படிக்கும், தொடை நோகும், ஆனால் இதற்குக் குறுக்கு வழி இல்லை.

இனி லாயம். பட்டி மாட்டோடு வளர்ந்த பிள்ளைக்கு இங்கே ஒரு அனுகூலம் உண்டு, மிருகத்தின் காதையும் கண்ணையும் பார்த்தே அதன் குணம் பிடிபடும். ஆனால் மாட்டுப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். குதிரை அசைபோடாது, அதன் வயிறு சிறியது, சத்தி எடுக்கவும் முடியாது. ஒரேயடியாகத் தீவனம் கொட்டினால் வயிற்றுவலி வந்து செத்தே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தீன் போடுவது, தினமும் குளம்பு துப்புரவாக்குவது, சேணம் பட்ட இடத்தைத் தடவிப் பார்ப்பது எல்லாம் கையில் வரவேண்டும். பிரித்தானியாவின் டிரெஸ்ஸாஜ் வீராங்கனை சார்லட் டுஜார்டின், அந்நாட்டு வீரர் கார்ல் ஹெஸ்டரின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்துதான் வலேக்ரோ என்ற குதிரையில் ஏறினார். 2012 லண்டன், 2016 ரியோ ஒலிம்பிக்குகளில் தனிநபர் தங்கம் எடுத்தார். அதே ஆள் பயிற்சியில் குதிரையைச் சவுக்கால் அடித்த காணொளி 2024இல் வெளிவர, ஒரு வருடத் தடை வாங்கினார். சவுக்கை நம்புகிற பயிற்றுநரிடம் நிற்காதீர்கள்.

என் கணக்கில் நல்ல வழி ஜேர்மனி. குதிரைப் பராமரிப்பும் பயிற்சியும் அங்கே மூன்று வருட முறையான தொழிற்கல்வி, பழகும்போதே சம்பளமும் உண்டு. அதற்கு ஜேர்மன் மொழி வேணும், அதை இன்றைக்கே கிளிநொச்சியில் இருந்தபடி தொடங்கலாம். வயது போய்விடும் என்ற பயமும் வேண்டாம், 1969இல் பிறந்த ஜேர்மன் டிரெஸ்ஸாஜ் வீராங்கனை இசபெல் வெர்த் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் குழுத் தங்கம் எடுத்தார்.

எந்த நாட்டுக்காக ஓடுவது? சர்வதேசப் போட்டிக்கு ஏதாவதொரு நாட்டுச் சம்மேளனத்தின் ஊடாகத்தான் பதிய வேண்டும். இலங்கையில் பிறந்து சுவீடன் குடும்பத்தில் வளர்ந்த மத்தில்டா கார்ல்சன், டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரைத் தடைதாண்டலில் இலங்கைக்காக ஓடினார். பாதை திறந்துதான் இருக்கிறது.

அப்புறம், லாயங்களுக்கு விண்ணப்பிக்கும்போது ஓடுகிற வீடியோவை மட்டும் அனுப்பாமல், குளம்பு தூக்கித் துப்புரவாக்குவதையும் சேர்த்து அனுப்புங்கள்.