மூன்று துணியில் ஒரு ஒட்டுப்போர்வை

ஒட்டுப்போர்வை பழக வேண்டும் என்று என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் போனைத்தான் நீட்டுவார்கள். நட்சத்திரம், வீடு, தாமரை என்று அதில் எத்தனையோ டிசைன். அதெல்லாம் பிறகு பார்க்கலாம். முதல் போர்வைக்குச் சதுரம் போதும். ஒன்பது சிறு சதுரங்களைச் சேர்த்து ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் வெட்டாத முழுத்துணிக் கட்டம் ஒன்று, மறுபடி ஒன்பது சதுரம். நேராகத் தையல் அடிக்கத் தெரிந்தால் சரி. போர்வையின் அழகில் முக்கால்வாசி, மெசினுக்கு வருமுன் புடவைக்கடை மேசையிலேயே முடிவாகிவிடும்.

பல குறிப்புகளில் "அம்மம்மாவின் பழைய சேலையை எடுங்கள்" என்றுதான் தொடங்குவார்கள். எங்கள் முள்ளியவளைப் பக்கம் அது சரிவராது. 2009 போருக்கு முந்திய துணி என்று ஒன்றுமே இல்லாத வீடுகள் வன்னியில் எத்தனையோ. ஆகவே கடையில் வாங்குகிற துணியையே கணக்கில் வைத்துச் சொல்கிறேன். பழையது இருக்கிறவர்கள் பத்திரமாக வைத்திருந்து, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே வைக்கப் பாவியுங்கள், அதற்கு அதைவிட நல்ல துணி இல்லை.

துணி முழுப்பருத்தியாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடதாசி போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையாக இறுகினால் பொலியெஸ்டர் கலந்தது. கிலோக் கணக்கில் விற்கிற வெட்டுத்துண்டு மூட்டைகளில் இழுபடும் ரீசேட் துணிதான் நிறைய வரும். அதை இந்தப் போர்வையில் சேர்க்க வேண்டாம், சதுரம் சதுரமாக நிற்காது. பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சும் வெள்ளைத் துண்டுகளையும் எரித்துப் பார்த்துவிட்டே எடுங்கள். அதில் கலப்புத்துணியும் இருக்கும்.

நிறம் தெரிவுசெய்வது இப்படி. முதலில் உங்களுக்குப் பிடித்த பெரிய பூப்போட்ட சீத்தைத் துணி ஒன்றை எடுங்கள். அதில் நாலைந்து நிறமாவது இருக்க வேண்டும். முழுத்துணிக் கட்டங்கள் அதில்தான் வரும். பிறகு அந்தப் பூவுக்குள் இருக்கிற கடும் நிறம் ஒன்றையும் இளம் நிறம் ஒன்றையும் தேடுங்கள். சில அச்சுத்துணிகளின் கரையில் பாவித்த நிறங்களெல்லாம் சின்னச் சின்னப் பொட்டாக இருக்கும், அதை மற்றத் துணியோடு ஒட்டிப் பார்த்தால் வேலை சுலபம். கடும் நிறம் வெறும் துணியாக இருக்கட்டும். இளம் நிறத்தில் பொடிக்கோடோ பொடிப்புள்ளியோ இருக்கலாம். மூன்றும் பெரிய பூவாக இருந்தால் கண் ஓரிடத்தில் நில்லாது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் நேரில் வேறுவேறாகத் தெரியும், படத்தில் ஒரே சாம்பலாக வந்துவிடும். அப்படி வந்தால் அந்த இரண்டும் ஒரு கட்டத்துக்குள் சேரக்கூடாது, தைத்த பிறகு சதுரமே தெரியாது. கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. இன்னொன்று, தூய வெள்ளை வேண்டாம். எங்கள் ஊர்ப் புழுதிக்கு வெள்ளைப் போர்வை ஒரு மாதம் தாங்காது. வெளிறிய மஞ்சளோ கிறீமோ நல்லது. நான் அடிக்கடி சேர்ப்பது மெரூன், கடுகு மஞ்சள் பூ, கிறீம்.

அளவு: 45 அங்குல அகலத் துணியில் பூத்துணி 1.5 மீற்றர், கடும் நிறம் 2.5 மீற்றர், இளம் நிறம் 1 மீற்றர். போர்வையைச் சுற்றி வரும் கரையும் விளிம்பை மூடும் ஓரப்பட்டியும் கடும் நிறத்திலேயே வரும். போர்வை 56 அங்குல அகலம், 80 அங்குல நீளம். ஒருவர் போர்த்தப் போதும். 36 அங்குலப் பொப்ளின் என்றால் பூத்துணி 2 மீற்றர் வேண்டும், மற்ற இரண்டும் இன்னும் கொஞ்சம் கூட. அகலத்தைக் கேட்டே வாங்குங்கள்.

வெட்டுமுன் எல்லாவற்றையும் தனித்தனியாக நனைத்துக் காயவிடுங்கள். பருத்தி சுருங்கும். மெரூன், கடும் நீலம், கைத்தறிச் சிவப்பு எல்லாம் சாயம் விடும். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு நன்றாக அயன் பண்ணுங்கள். கரி அயன் பெட்டி என்றால் சிரட்டைக்கரி நன்றாகக் கனன்ற பிறகே துணிக்குக் கொண்டுபோக வேண்டும், பொறி பறந்தால் துணியில் ஓட்டைதான்.

வெட்ட உருளும் கத்தியும் பலகையும் தேவையில்லை. பழைய எக்ஸ்ரே படத்தில் 4.5 அங்குல அகலப் பட்டி ஒன்றும் 12.5 அங்குலச் சதுரம் ஒன்றும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய படம் என்றால் இரண்டை ஒட்டலாம். கடதாசி மட்டையின் ஓரம் வரைய வரையத் தேய்ந்து அளவு மாறிவிடும், இது மாறாது. துணியின் குறுக்காக, கரையிலிருந்து கரைவரை, 4.5 அங்குல அகலத்தில் கடும் நிறத்தில் 8 பட்டி, இளம் நிறத்தில் 7 பட்டி. பூத்துணியில் 12.5 அங்குலச் சதுரம் 12.

இனித் தையல். இதில் விட்டுக்கொடுக்க முடியாத ஒரே விடயம், துணியின் ஓரத்திலிருந்து தையல்வரை கால் அங்குலம். சட்டை தைக்கிறவர்களுக்கு அரை அங்குலம் கைப்பழக்கம், இங்கே அது ஆகாது. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மெசின் தட்டில் தடித்த ரேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள், துணி அதைத் தொட்டபடியே போகட்டும். ஒரு தையலில் ஒரு நூலளவு பிசகினாலும் போர்வையின் அந்தத் தலைக்குப் போகும்போது அங்குலக் கணக்கில் வந்து நிற்கும்.

சதுரங்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினால் அலுத்துப்போகும். பட்டிகளை நீளவாக்கில் தைத்துவிட்டுக் குறுக்கே வெட்டுவதுதான் கெட்டித்தனம். கடும்–இளம்–கடும் என்று மூன்று பட்டி சேர்ந்த தொகுதி 3 தையுங்கள். இளம்–கடும்–இளம் என்று 2. தையலை எல்லாம் கடும் நிறப் பக்கமாக மடித்து அயன் பண்ணி, குறுக்கே 4.5 அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டுங்கள். முதல் வகையில் 24 துண்டும் மற்றதில் 12 துண்டும் வேண்டும், வெட்டினால் கொஞ்சம் மிஞ்சும். முதல் வகை இரண்டு, நடுவில் இரண்டாம் வகை ஒன்று, ஒரு கட்டம் முடிந்தது. தையலைக் கடும் பக்கம் மடித்ததன் பலன் இங்கேதான் தெரியும். மேல்துண்டின் தையல் ஒரு பக்கமும் கீழ்த்துண்டின் தையல் மறுபக்கமுமாக விழுந்து ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். குண்டூசி ஒன்று குத்தித் தைத்தால் மூலைகள் தானாகப் பொருந்தும்.

ஒன்பது சதுரக் கட்டம் 12, பூக்கட்டம் 12. நிலத்தில் நாலு அகலம், ஆறு நீளமாக மாறிமாறிப் பரப்பி, ஏறி நின்று பாருங்கள். பூவின் தலை எல்லாம் ஒரே திசையில் இருக்கிறதா? சரி என்றால் வரிசை வரிசையாகத் தைத்துச் சேருங்கள். கரைக்கு 4.5 அங்குலப் பட்டி. அதன் நீளத்தைப் போர்வையின் ஓரத்தில் அளக்கக்கூடாது, நடுவில் அளக்க வேண்டும். ஓரம் இழுபட்டிருக்கும், அந்த அளவுக்குப் பட்டி வைத்தால் கரை அலையலையாக நிற்கும்.

உள்ளே என்ன வைப்பது? பஞ்சுத்தாள் வாங்கிப் போடச் சொல்பவர்கள் குளிர்நாட்டுக்காரர். எங்களுக்குப் போர்வை தேவைப்படுவதே மார்கழி, தைப் பனிக்கும் மழைக்கால இரவுக்கும்தான். வங்காளத்துக் காந்தாப் போர்வையில் பஞ்சே இல்லை, பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டம் போட்டதுதான். அதுதான் வன்னிக்கும் ஏற்றது. பழைய பருத்திச் சாரம் (லுங்கி) இரண்டைப் பிரித்து, ஓரத்துக்கு மேல் ஓரம் அரை அங்குலம் ஏற்றித் தைத்தால் நடுத்துணி தயார். மடித்துத் தைத்தால் புடைக்கும். சாரத்தின் நீளப்பக்கம் போர்வையின் அகலத்துக்கு வருமாறு வையுங்கள், அப்போதுதான் 80 அங்குலத்துக்கும் எட்டும். அடித்துணிக்கு ஒரு நூல்சேலை: 88 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டி நீளவாக்கில் இணைத்தால் போதும், மிச்சத்தில் தலையணை உறையும் வரும்.

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கச் சீமெந்து நிலத்தில் விரித்து, ஓரத்தை ரேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருந்தால் போதும், இழுக்க வேண்டாம். அதன்மேல் சாரம், அதன்மேல் தைத்த துணி. நடுவிலிருந்து வெளியே நோக்கி, ஒரு சாணுக்குக் கிட்டக்கிட்டப் பெரிய நூலோட்டம் போட்டு மூன்றையும் பிடித்துவிடுங்கள். பிறகு மெசினில் என்றால் 16ஆம் நம்பர் ஊசி, கொஞ்சம் நீளத் தையல். போர்வையைச் சுருட்டி மெசின் கைக்குள் விட்டு, சதுரங்களின் மூலைக்கு மூலை சாய்கோடாக அடியுங்கள். கையால் போடுவது இன்னும் வடிவு என்பது என் எண்ணம். மெசின் போர்வை விறைத்து நிற்கும், கைத்தையல் போர்வை உடம்போடு படியும். மழைநாளில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

ஓரத்துக்கு 2.5 அங்குலப் பட்டி 7 வெட்டி இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து அயன் பண்ணுங்கள். முன்பக்கத்தில் மெசினால் தைத்து, பின்பக்கத்தில் கையால் மறைதையல். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேலே மடித்துப் பிறகு கீழே இறக்கித் தொடர்ந்தால் மூலை கூராக வரும்.

முதல் தடவை தனியாகத் தோயுங்கள். காயவிடுவது நிழலில், அடிப்பக்கம் வெளியே தெரிய. எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் மெரூன் சீக்கிரம் வெளுத்துப்போகும்.