ஒட்டிக்கொண்ட டிராக்டர் கிளட்ச்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

இரண்டு மூன்று வருடம் கொட்டகையில் கிடந்த டிராக்டரைத் திரும்ப ஓட்டலாம் என்று இறங்கினால், இன்ஜினைவிட அதிகம் படுத்துவது கிளட்ச்தான். பழைய டீசலை இறக்கிவிட்டு, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து, நல்ல பேட்டரி வைத்தால் இன்ஜின் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் கிளட்சை மிதித்து கியர் போட்டால் கறகறவென்று பல் உரசும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டால் அதே கியர் சத்தமில்லாமல் விழும். இப்படி இருந்தால் கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலும், ஸ்பிரிங்கால் அதை நோக்கி அழுத்தும் பிரஷர் பிளேட்டும் வார்ப்பிரும்பு. நடுவில் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் பட்டை) ஒட்டிய கிளட்ச் பிளேட். வண்டி சும்மா நிற்கும்போது ஸ்பிரிங் இந்த மூன்றையும் அழுத்தியே வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே இறங்கி, இரும்பில் பிடிக்கும் துரு லைனிங்கையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் விலகும், பிளேட் மட்டும் ஃபிளைவீலை விட்டு வராது.

உடனே வண்டியைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கும் உண்டு. அதற்கு முன் கோளாறு பிளேட்டில்தானா என்று பாருங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் குனிந்து பெடலைக் கிளட்சோடு இணைக்கும், பக்கவாட்டில் இருக்கும் ராடும் லிவரும் முழுசாக நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பெடல் ஷாஃப்ட் புஷ்ஷில் துருப்பிடித்திருக்கலாம், ராடின் பின் தேய்ந்திருக்கலாம். டூயல் கிளட்ச் வண்டி (ஓட்டத்துக்கு ஒன்று, பின்னால் கருவிகளைச் சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு ஒன்று என இரண்டு கிளட்ச் உள்ளது) என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. நியூட்ரலில் பி.டி.ஓ.வைச் சுற்றவிட்டு பெடலை அடிவரை மிதியுங்கள். பி.டி.ஓ. நின்றும் கியர் மட்டும் உரசினால் ராடு சரியாகத்தான் இருக்கிறது, மெயின் பிளேட்தான் ஒட்டியிருக்கிறது.

அப்புறம், ஊருக்கு ஊர் சொல்லும் வைத்தியம்: கிளட்ச் கூட்டின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக டீசலோ மண்ணெண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அடிப்பது. வேண்டவே வேண்டாம். கிளட்ச் வேலை செய்வதே உராய்வில். எண்ணெய் குடித்த லைனிங் விடுபட்டாலும் ஏர் கலப்பையை இறக்கியதும் வழுக்கும். அதைக் கழுவிச் சரிசெய்வது நடக்காத காரியம், புது பிளேட்தான் போட வேண்டும். பெட்ரோல் ஊற்றினால் செல்ஃப் மோட்டாரின் ஒரு பொறி போதும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் கம்ப்ரசர் காற்றால் அந்தத் தூசியைக் கிளப்புவதும் கூடாது. உளியை நுழைத்து நெம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பிளேட் வளைந்தாலோ லைனிங் பிய்ந்தாலோ செலவு இரட்டிப்பு.

இதுவரை சொன்னதில் போவது பணம். இனி வருவதில் ஆளே போகலாம்.

கிளட்ச் ஒட்டிய டிராக்டரில் பெடலுக்கு அர்த்தமே இல்லை. கியரில் இருந்தால், பெடல் அடியில் இருந்தாலும் செல்ஃப் அடித்த நொடியில் வண்டி நகரும். கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் ஷார்ட் செய்து கிளப்பும் பழக்கம் நம்மிடம் நிறைய. நிற்கும் இடம் பெரிய சக்கரத்துக்கு நேர் முன்னால் என்பதை யோசித்துப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து சாவியால் மட்டுமே கிளப்ப வேண்டும்.

அடுத்தது, பின்பக்கத்தைப் புளியமரத்தில் சங்கிலியால் கட்டி கியரில் கிளப்புவது. பின்சக்கரம் சுற்ற முடியாமல் பிடிபட்டால், இன்ஜின் விசை அச்சைச் சுற்றி வண்டியின் முன்பக்கத்தையே மேலே தூக்கும். டிராக்டர் பின்னால் கவிழ ஒன்றரை வினாடிகூட ஆகாது, குதிக்க நேரம் கிடைக்காது. பழைய வண்டிகளில் தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பியும் இருக்காது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் ஓடும்போது பட்டென்று இறக்குவதும் இதே ரகம்தான்.

சரி, என்னதான் செய்வது? பொறுமைதான் பாதி வேலை. இன்ஜினை நியூட்ரலில் அரை மணி நேரம் ஓடவிட்டு, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) கைக்குச் சூடு தெரியும்வரை காத்திருங்கள். நிறுத்திவிட்டு, பெடலை அடிவரை மிதித்து, ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். சூடும் குளிரும் மாறுவதிலேயே சில பிளேட்டுகள் தானாக விட்டுவிடும். விடாவிட்டால், இன்ஜின் நின்ற நிலையில், பெடல் முட்டில் இருக்க, டாப் கியரில் போட்டு நாலு பேர் முன்னும் பின்னும் உலுக்க வேண்டும். முதல் கியரில் உலுக்கிப் பயனில்லை. சக்கரத்தில் கொடுக்கும் விசை கிளட்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் கியர் பாக்ஸ் அதைக் குறைத்துவிடும். டாப் கியரில் அதிகம் போய்ச் சேரும்.

அதற்கும் அசையவில்லை என்றால்தான் ஓட்டிப் பிரேக் போடும் முறை. இதற்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். முதலில் பிரேக்: இத்தனை நாள் நின்ற வண்டியில் கிளட்ச் மட்டும்தான் துருப்பிடித்தது என்று யார் சொன்னது? அடுத்து, வலது இடது பிரேக் பெடல்களைச் சேர்க்கும் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அதே இடத்தில் வட்டமடித்துச் சாயும். மூன்றாவது, இன்ஜினை நிறுத்த இழுக்கும் குமிழ். கிளட்ச் வேலை செய்யாத வண்டியை நிறுத்த அது ஒன்றுதான் நிச்சயமான வழி. கேபிள் துருவேறி இழுபடாமல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஆளில்லாத, சமமான, காய்ந்த வயலில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் எந்தக் கருவியும் மாட்டியிருக்கக் கூடாது, மட்கார்டில் யாரும் தொற்றிக்கொண்டு வரக் கூடாது. குறைந்த கியரில் கிளப்பினால் வண்டி நகரத் தொடங்கும். ஆனால் அந்தக் கியரில் பிரேக்கால் இன்ஜினை அடக்குவது கஷ்டம். அதனால் நடை வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும் ஒரு நடுத்தரக் கியர் போதும். பெடலை முழுசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கி, இடையிடையே இரண்டு பிரேக்கையும் அழுத்துங்கள். விடுபடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், இன்ஜின் தனியாக ஓடும், வண்டி நின்றுவிடும்.

விட்டுவிட்டதே என்று அன்றைக்கே உழவுக்குக் கொண்டுபோவதும் தவறு. ஃபிளைவீலில் துரு இன்னும் இருக்கும். கொஞ்ச நேரம் சுமையில்லாமல் எடுத்து நிறுத்தி ஓட்டினால் அது தேய்ந்து போகும். பெடலின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் விலகத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) மேனுவலில் சொன்ன அளவுக்கு வைத்துவிடுங்கள். எடுக்கும்போது வண்டி உதறிக்கொண்டே இருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ லைனிங் பிய்ந்திருக்கிறது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த வேலையைக் காரில் கியர் பாக்ஸ் இறக்குவதைப் போல நினைக்காதீர்கள். பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, இன்ஜினும் கியர் பாக்ஸும்தான் உடம்பே. போல்ட்டைக் கழற்றினால் வண்டி இரண்டாகும். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடுவதால், இரண்டு பக்கமும் மரஆப்பு அடிக்காமல் பிரித்தால் இன்ஜின் பாதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பாதிக்கும் தனித்தனியாக ஸ்டாண்ட் கொடுக்கும் மெக்கானிக்கிடம்தான் இதை ஒப்படைக்க வேண்டும்.

அடுத்த முறை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், பெடலை மிதித்த நிலையில் கட்டை வைத்து நிறுத்துங்கள். சில டிராக்டர்களில் இதற்கென்றே பெடல் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கும்.