திமிங்கில ஆய்வுக்கு உதவும்படி படம் எடுப்பது எப்படி?

மார்ச் பள்ளி விடுமுறையில் இலங்கைக்குச் செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் சில, மிரிஸ்ஸவில் படகேறி நீலத் திமிங்கிலங்களைப் பார்த்து வருவதுண்டு. அங்கு எடுக்கும் படங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடுகின்றன. அவற்றை ஆய்வாளர்களிடம் சேர்க்கும் பொறுப்பு நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு என்பேன். சிங்கப்பூரிலிருந்து சூயஸ் நோக்கிப் போகும் கப்பல்கள் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே, இத்திமிங்கிலங்கள் இரைதேடும் கடற்பரப்பையொட்டியே செல்கின்றன. கப்பல் மோதி இறப்பதே அங்கு அவற்றுக்குள்ள பேராபத்து. 2022இல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் வழித்தடத்தை இன்னும் தெற்கே மாற்றிக்கொண்டது. அத்தகைய மாற்றத்தைக் கேட்டுப் பெற, எந்தத் திமிங்கிலம் எங்கே, எப்போது காணப்பட்டது என்ற பதிவுகள் தேவை.

ஆகவே முதலில் கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். கைப்பேசி உள்ளூர் நேரத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். கேமரா பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே, அதாவது இரண்டரை மணி நேரம் முன்னதாக, ஓடிக்கொண்டிருக்கும். படகில் ஏறியதும் கைப்பேசித் திரையில் தெரியும் நேரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னர் எதையும் திருத்திக்கொள்ளலாம். கைப்பேசியின் இடங்காட்டியும் இயங்கட்டும்.

எதைப் படம் எடுப்பது என்பது இனத்தைப் பொறுத்தது. நீலத் திமிங்கிலத்தை அடையாளம் காட்டுவது முதுகுத் துடுப்பும் அதைச் சுற்றியுள்ள விலாவில் படர்ந்திருக்கும் வெளிர்த் திட்டுகளும்தான். வாய்ப்பிருந்தால் இரு பக்கங்களையும் எடுங்கள். கூனல்முதுகுத் திமிங்கிலமானால் வாலின் அடிப்பக்கம் வேண்டும். அதிலுள்ள கறுப்பு வெள்ளைக் கோலமும் பின்விளிம்பின் பல்போன்ற வெட்டுகளும் ஒன்றைப்போல் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. பலமுறை மூச்சுவிட்டபின் முதுகை உயர வளைத்தால் ஆழமாக மூழ்கப்போகிறது என்று பொருள். அந்த நொடியிலிருந்தே தொடர்ச்சியாக எடுங்கள். நல்ல படத்துக்காக நெருங்கிப் போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்த வேண்டாம்; 100 மீட்டருக்குள் துரத்திச் செல்லும் படகைத் தேர்ந்தெடுக்காமலிருப்பதே நல்லது.

அழகுபடுத்தாத மூலப்படங்களை, நாளும் இடமும் குறிப்பிட்டு, திமிங்கிலப் படங்களைத் திரட்டும் ஹேப்பிவேல் (Happywhale) இணையத்தளத்தில் ஏற்றுங்கள். குறிப்பாகக் கூனல்முதுகின் வாலைக் கணினியே பழைய படங்களோடு ஒப்பிட்டுவிடும். அதே விலங்கை வேறொருவர் பிற்பாடு கண்டால் உங்களுக்கும் தகவல் வரும்.

பயணம் போகாதவர்கள் லீ கொங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போகலாம். 2015 ஜூலை 10 அன்று ஜூரோங் தீவருகே இறந்து மிதந்த, 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்குள்ளது. அதன் வயிற்றில் கணவாய்களின் அலகுகளோடு பிளாஸ்டிக் குப்பையும் கிடைத்தது. அப்படியொரு உடல் நம் கடலில் மீண்டும் தென்பட்டால் தொடாதீர்கள்; அளவு தெரியும்படி படகையோ மிதவையையோ சேர்த்துப் படமெடுத்து, தேசியப் பூங்காக் கழகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.